கழித்துப் போட்ட முதல் ஸ்கேன்

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பழம் வாங்கினால் காம்பை முகர்ந்து பார்ப்பேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அது என்ன ஏது என்று துருவிப் பார்த்த பிறகுதான் வாயில் போடுவேன். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் அன்றைக்குக் கதவை இரண்டு தரம் பூட்டுவேன். என் கணவர் இதை வியாதி என்கிறார். இந்தக் குணத்தை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன் என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

நாங்கள் காரைக்கால்காரர்கள். அவருக்குக் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. சைகோனில் பாலத்தைத் தாண்டி கான் ஹொய் துறைமுகப் பக்கம் போனால் அங்கே அவருடைய மேஜை. அவர் பின்னால் சைகோனுக்கு வந்த நான், சும்மா இருக்கப் பிடிக்காமல், கையிலிருந்த இயற்பியல் பட்டத்தைத் தூசி தட்டி ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஒரே ஒரு கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புறஊதா ஒளியைப் பாய்ச்சிப் பொருள்களின் மேற்பரப்பை ஆராயும் கருவி அது. ஆய்வகத்தில் சுருக்கமாக யூ.பி.எஸ். என்போம். மின்சாரம் போனால் ஓடுகிற பெட்டிக்கும் நம்மூரில் அதே பெயர் என்பதால், நான் சைகோனில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை பார்ப்பதாக என் மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எஃகாலான ஒரு கலம். அதற்குள் காற்று இருக்கக் கூடாது என்பதற்காகப் பம்புகள் ஓய்வில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஹீலியம் வாயுவில் எரியும் விளக்கு. கண்ணாடித் துண்டின் மேல் பூசிய மெல்லிய படலத்தில் அந்த ஒளி பட்டால், அங்கிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். எது என்ன வேகத்தில் வருகிறது என்று எண்ணினால், அந்தப் படலம் தன் எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். பாடப் புத்தகத்தில் இதற்கு வெளியேற்று ஆற்றல் என்று பெயர். சூரிய மின்கலம் செய்கிறவர்களுக்கு அந்த ஓர் எண்ணில்தான் பிழைப்பே இருக்கிறது.

ஆனால் இந்தக் கருவிக்குத் தெரிவது மேலே உள்ள சில அணு அடுக்குகள் மட்டும்தான். ஒரு விரல் பட்டால் போதும், படலத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு விரல் பிசுக்கை அளந்துகொண்டிருப்போம். சைகோன் காற்றோ மழைக்காலத்தில் பிழிந்தால் சொட்டும். அதனால் இந்த வேலைக்கு வெள்ளை மனசுக்காரர்கள் சரிப்பட மாட்டார்கள். எதைக் கண்டாலும் இதில் என்னவோ இருக்கிறது என்று நினைக்கிற என்னைப் போன்ற ஆள்தான் லாயக்கு.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எலக்ட்ரான்களை ஒரு தரம் எண்ணி முடிப்பதுதான் ஸ்கேன்; அதில் முதல் ஸ்கேனைச் சேமிப்பதில்லை. விளக்கு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை திரையில் வரும் கோடு நடுங்கும். எனவே படலத்தின் மேலேயே ஒளியைப் போட்டு, இடம் பார்த்து, ஒரு ஸ்கேன் ஓடவிட்டு, அதை அழித்துவிட்டு, இரண்டாவதிலிருந்துதான் கணக்கில் எடுப்போம். ஆய்வகத் தலைவர் பிரான்சில் படித்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்த பழக்கமாம். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கழித்துவிட்டு அடுத்ததிலிருந்து பரிமாறுவது என்று வளர்ந்தவள் நான்.

அங்கே முனைவர் பட்டத்துக்கு ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். சைகோனின் சீனர் பேட்டையான சோலோனில் பல தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். அப்பாவுக்கு அங்கே கண்ணாடி வெட்டும் கடை. வியட்நாமிய மொழியில் அக்காவுக்கு ‘ச்சி’. முதல் நாள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது, நம்மூர்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவள் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில், நடுநடுவே வியட்நாமியத்தில். என் நினைவில் அதெல்லாம் தமிழாகவே நிற்கிறது.

அவளுடைய ஆராய்ச்சி டைட்டானியம் ஆக்ஸைடு படலம். மின்சாரம் கடத்தும் கண்ணாடியை அப்பா கடையில் அளவாக வெட்டி, அதன் மேல் படலம் பூசி, உலையில் சுட்டு எடுத்துக்கொண்டு வருவாள். வெளியேற்று ஆற்றலை முதலில் அவளே ஒரு பழைய கருவியில் அளப்பாள். அது இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஒளி எதுவும் படாமல், படலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊசியை அதிரவிட்டு அளப்பது. பிறகு அதே துண்டை என்னிடம் தருவாள். நான் என் கருவியில் அளப்பேன்.

இரண்டும் ஒத்துப் போகவில்லை. அவளுடைய எண் எப்போதும் கூடுதல், என்னுடையது எப்போதும் குறைவு. ஒரு துண்டில் அப்படி வந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். எந்தத் துண்டைக் கொடுத்தாலும் அதே வித்தியாசம்.

தலைவர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒரே படலத்துக்கு இரண்டு எண் இருந்தால் தேர்வாளர்கள் விடமாட்டார்கள் என்றார். அவள் தனியாக, யாரும் பார்க்காதபோது அளக்கிறாள் என்பதை இரண்டு முறை வெவ்வேறு வார்த்தைகளில் சொன்னார். அவளுடைய எண்ணை வைத்தால் ஆய்வேட்டின் கோட்பாடு அழகாகப் பொருந்துகிறது, என்னுடையதை வைத்தால் பொருந்தவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

“ரெண்டுல ஒண்ணு பொய். கருவி பொய் சொல்லாது” என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லை என்றால் பட்டம் இல்லை. உதவித்தொகையும் அந்தப் பருவத்தோடு நின்றுவிடும். எண்ணைத் திருத்தினாள் என்று பெயர் கெட்டுவிட்டால், அப்புறம் எந்த ஆய்வகமும் அவளை உள்ளே விடாது. வெளியே வந்ததும் அவள் தண்ணீர் குடித்தாள். அழவில்லை. அழாதது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நானும் தேடத் தொடங்கினேன். முதலில் வாயுக் கடைக்காரன் மேல் சந்தேகம். ஹீலியம் சுத்தமாக இருந்தால் விளக்கு பழுத்த பீச் பழ நிறத்தில் எரியும்; கலப்படம் இருந்தால் ஊதாப் பக்கம் சாயும். உருளையை மாற்றினேன். பீச் பழ நிறம்தான், எண்ணும் மாறவில்லை. அடுத்து, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் தங்கத் தகட்டின் மேல் சந்தேகம். அதைச் சுத்தப்படுத்தி அளந்தேன். தங்கம் தங்கமாகவே இருந்தது.

மிஞ்சியது அவள்தான். அவள் அளப்பது ஒரு துண்டு, என்னிடம் தருவது வேறு துண்டோ என்று நினைத்தேன். அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு துண்டின் பின்பக்கம் வைர ஊசியால் சின்னக் கீறல் போட்டு வைத்தேன். அவள் அளந்துவிட்டு அதே கீறலோடு அதே துண்டைத் திருப்பித் தந்தாள். வித்தியாசம் அப்படியே இருந்தது.

இதைப் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வேலை அதுதான். அவளை எனக்குப் பிடிக்கும். பிடித்தவளைச் சந்தேகிக்காமல் விட்டால் அப்புறம் என் எண்ணுக்கு என்ன மரியாதை? வெள்ளிக்கிழமை டோங் டு பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, பின்பக்கச் சாப்பாட்டுக் கடையில் கணவரோடு உட்கார்ந்திருந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவர் கறியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா களவாணி மாதிரியா இக்கிது ஒனக்கு?”

மூஞ்சியைப் பார்த்து முடிவெடுக்க முடியுமென்றால் அத்தனை பெரிய கருவி எதற்கு என்று கேட்டேன்.

மறுநாள், யாரிடமும் சொல்லாமல், பைக் டாக்ஸி பிடித்து சோலோன் போனேன். அவள் அப்பாவின் கடையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணம். இரண்டு இரும்புக் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கிய கடை. முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகைகளில் தெருவின் லாரிகளும் பைக்குகளும் எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருந்தன. பனியன் போட்ட பெரியவர் ஒருவர் ஸ்டூல் இழுத்துப் போட்டு, ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தார். எனக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்று சொன்னேன்.

அவர் வெட்டத் தொடங்கினார். என் கண் முழுக்க அவர் கையில்தான். வெட்டும் சக்கரத்தை ஒரு தகர டப்பாவில் முக்கினார். முக்கியபோது வாசனை வந்தது. மண்ணெண்ணெய். ஆகா, பிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு குதி. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கண்ணாடியில் படலம் பூசினால் எண் இரண்டாக வராமல் என்ன செய்யும்? டப்பாவை நன்றாகப் பார்க்க எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கைபேசியில் ஒரு படமும் எடுத்தேன்.

நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள். உள்ளே இருந்து அப்பாவுக்குச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தவள். என் முகத்தையும் என் கையிலிருந்த கைபேசியையும் மண்ணெண்ணெய் டப்பாவையும் பார்த்தாள். நான் யார் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“என்ன அளவுல கண்ணாடி வேணும், ச்சி?” என்றாள்.

வாயில் வந்த அளவைச் சொன்னேன். அவளே அளவுகோல் வைத்துப் பிடித்துக்கொடுத்தாள், அப்பா வெட்டினார். விளிம்பைத் தேய்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, பைக்கில் உடையாமல் எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினாள். அத்தனை மரியாதையாக என்னிடம் அவள் அதற்கு முன் நடந்துகொண்டதே இல்லை. வழி முழுக்க அந்தப் பொட்டலத்தை மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். முகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தால் மண்ணெண்ணெய்க் கதையும் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழுவிப் பூசி, அப்புறம் உலையில் சுடுகிறாள். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் மட்டுமல்ல, அதன் வாசனைகூட மிஞ்சாது. மேலும், பிசுக்கே இருந்தாலும் இரண்டு கருவியும் அளப்பது ஒரே பிசுக்கைத்தானே. கண்ணாடி வாங்கியதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை முதல் அவளிடம் ஒரு மாற்றம். என்னிடம் துண்டைத் தருவதற்கு முன் கைபேசியில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். துண்டு வைத்த டப்பாவின் மூடியில் டேப் ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டாள். அளக்கும்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் எனக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வருவாள். அவள் இடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். அவள் மூச்சு என் காதுக்குப் பின்னால் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் தோசை வழக்கம்போல் பிய்ந்து வந்தது. குப்பைக் கூடைப் பக்கம் திரும்பினேன். கணவர் தட்டை நீட்டினார்.

“மொத தோசய எனக்குப் போடு புள்ள. பிஞ்சாலும் அதுலதான் கல்லு ருசி இக்கிது.”

அவர் பிய்ந்ததை ஆசையாகத் தின்றார். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். நாங்கள் எத்தனை படலத்தை அளந்திருப்போம். ஒன்றின் முதல் ஸ்கேனையாவது யாராவது பார்த்திருக்கிறோமா? எண்ணை எடுப்பதற்கு முன்னால் படலத்தின் மேல் ஒளியைப் போட்டு இடம் பார்க்கிறோம், ஒரு முழு ஸ்கேன் ஓட்டுகிறோம். அவ்வளவு நேரம் அந்த விளக்கு படலத்தை என்ன செய்துகொண்டிருந்தது? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், வாயுக் கடைக்காரன் முதல் மண்ணெண்ணெய் வரை. விளக்கை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டாவது தோசை கல்லிலேயே தீய்ந்தது.

திங்கட்கிழமை, ஒளியே படாத புதுத் துண்டு ஒன்றை அவளிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். விளக்கின் மேல் சந்தேகம் என்றேன். அவள் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தாள்.

துண்டின் பக்கத்திலேயே தங்கத் தகட்டையும் பொருத்தினேன். ஒளியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, இடம் பார்ப்பதையும் விளக்கு நிதானத்துக்கு வருவதையும் தங்கத்தின் மேலேயே முடித்துக்கொண்டேன். படலத்தின் மேல் ஒரு பொட்டு ஒளி படவில்லை. பிறகு தாங்கியை நகர்த்தி, ஒளி படலத்தைத் தொட்ட கணத்திலேயே வேகமாக ஒரு ஸ்கேன். இந்த முறை சேமித்தேன்.

திரையில் அவளுடைய எண் நின்றது.

அதே இடத்தில் இன்னொரு ஸ்கேன். எண்ணைப் படிக்கிற இடமான கோட்டின் விளிம்பு கொஞ்சம் நகர்ந்திருந்தது. இன்னொன்று, இன்னும் நகர்ந்தது. ஒளியை முழுதாகத் திறந்துவிட்டேன். விளிம்பு சரசரவென்று இறங்கி என்னுடைய பழைய எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒளி படாத வேறு ஓரத்துக்கு நகர்த்தினேன். மறுபடியும் அவளுடைய எண், மறுபடியும் சரிவு. படலத்தின் மேல் காற்றிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஈரத்தைப் புறஊதா ஒளி உடைத்து மேற்பரப்போடு பிணைத்துவிடுகிறது. அதன் பிறகு எலக்ட்ரான்கள் சுலபமாக வெளியே வந்துவிடுகின்றன. நாங்கள் பார்க்கப் பார்க்க மாறிப்போன படலத்தை அளந்துவிட்டு, பார்ப்பதற்கு முன்னால் இருந்ததை அளந்தவளைப் பொய்க்காரி என்றோம். இருட்டில் ஒருநாள் விட்டு வைத்து மறுபடி அளந்தேன். ஒளி பட்ட இடம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துப்புத் துலக்கிய பெருமையும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைவரிடம் கோடுகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் மேல் உனக்குப் பாசம் உண்டல்லவா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் சந்தேகத்துக்கு ஆளாகி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நான் காட்டிய எண்களை நம்பிய மனிதர்! நீங்களே உட்கார்ந்து அளந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவர் உண்மையிலேயே உட்கார்ந்தார். அவளிடம் புதுத் துண்டு வாங்கி, கையுறை மாட்டி, மறுபடி மாணவரானது போலத் தானே எல்லாவற்றையும் செய்தார். கோடு அவர் கண்ணெதிரில் சரிந்தது. வேறு இடத்துக்கு மாற்றிப் பார்த்தார், அங்கேயும் சரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை ஒரு தனி அத்தியாயமாக எழுது என்று அவளிடம் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் முதல் ஸ்கேனை அழிப்பதில்லை.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. தேர்வாளர்கள் அதிகம் பாராட்டியது அந்தத் தனி அத்தியாயத்தைத்தான். தலைவர் அவளை ஆய்வகத்திலேயே வேலைக்கு இருக்கச் சொன்னார்; என் கருவியில் எனக்குத் துணையாக. நான்தான் அதற்காக அவரிடம் பலமுறை பேசியிருந்தேன். பக்கத்தில் அவளுக்கு ஒரு மேஜைகூட ஒழித்து வைத்துவிட்டேன். அவள் ஒரு வாரம் கழித்து, ஹனோயில் வேறு இடம் கிடைத்திருப்பதாகத் தலைவரிடம் சொல்லிவிட்டாள். எனக்குத் தகவல் அவர் சொல்லித்தான் தெரியும்.

கடைசி நாளில், மிச்சமிருந்த துண்டுகளை ஒரு டப்பாவில் அடுக்கி என்னிடம் ஒப்படைக்க வந்தாள். மூடியில் டேப், டேப்பின் மேல் கையெழுத்து. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. எல்லாம்தான் சரியாகிவிட்டதே, உன் எண்ணுதான் சரி என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே, இங்கேயே இருக்கக் கூடாதா என்றேன். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் கோபப்படவில்லை. என்னைத் தேற்றுவது போலத்தான் சொன்னாள்.

“சரியாத்தான் இருந்துச்சு, ச்சி. நீங்க கண்ணாடி வாங்க வர்ற வரைக்கும்.”

நான் கையை நீட்டினேன். அவள் டப்பாவை என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு கைபேசியை எடுத்து, டப்பாவும் அதைப் பிடித்திருந்த என் கையும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள்.